ஆகாயத்தில் 4 மணி நேரம். தரையில் 11 மணி நேரம்!

பனமலைக்கு சிங்கப்பூர் தூரமா, துபாய் தூரமா? டிக்கெட்டில் அச்சடிக்காத கணக்கு இதோ!

பனமலை—

சிங்கப்பூர் தூரமா? துபாய் தூரமா?

பனமலையில் எந்த டீக்கடை பெஞ்சிலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும்.

"துபாய்தான் தூரம். அரபு நாடாச்சே!" என்பார் ஒருவர். "சிங்கப்பூர்தான் தூரம். கடலைத் தாண்டணும் இல்லே?" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. இரண்டும் ஒரே தூரம்!

சென்னை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் நேர் பாதையில் சுமார் 2,920 கி.மீ. துபாய் ஏர்போர்ட் சுமார் 2,930 கி.மீ. வித்தியாசம் வெறும் 10 கி.மீ. சைக்கிளில் மிதித்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிற தூரம்!

தராசு முள் மாதிரி சென்னை நடுவில் நிற்கிறது. கிழக்குத் தட்டில் சிங்கப்பூர். மேற்குத் தட்டில் துபாய்.

இரண்டு ஊருக்கும் விமானத்தில் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஆனால் பனமலையில் வீட்டுப் படி இறங்கியவர் அங்கே போய்ப் பாயை விரிக்க 15 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

மீதி 11 மணி நேரம் எங்கே போயிற்று?

துக்க வீட்டுக் கேள்வி

இது டீக்கடைப் பந்தயத்துக்கு மட்டும் ஆன விஷயம் அல்ல.

பனமலை, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள கிராமம். மலை மேலே தாளகிரீசுவரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டியது. வயது சுமார் 1,300 வருஷம். அங்கே சுவரில் தீட்டியிருக்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள்.

ஊர்க்காரர்களோ வெளிநாடு போகிறார்கள். செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர் இல்லாத ஊர் அபூர்வம்.

அப்படிப்பட்ட வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால் முதல் கேள்வியே இதுதான்:

"பையன் எத்தனை மணிக்கு வர்றான்? எப்போ எடுக்கிறது?"

அப்பாவுக்குத் தலைமகன் கொள்ளி போட வேண்டும். அம்மாவுக்குக் கடைக்குட்டி. அந்தப் பையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருப்பான். இல்லை, துபாயில் கட்டட வேலையில் இருப்பான்.

"ஏரோப்ளேன்லே நாலு மணி நேரம்தானே? காலையிலே ஏறினா மத்தியானத்துக்குள்ளே வந்துடுவான்" என்று பங்காளிகளில் ஒருவர் சொல்லிவிடுவார். அதை நம்பி நேரம் குறித்துவிடுவார்கள். மேளத்துக்குச் சொல்லியாகிவிடும். உறவு ஜனமும் வந்து உட்கார்ந்துவிடும்.

மத்தியானம் ஆகும். பையன் வந்து சேரமாட்டான்!

ஐஸ் பெட்டி வாடகை ஏறும். ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்பார்கள். கடைசியில் பையன் வாசலில் வந்து இறங்கும்போது சாம்பல்தான் மிச்சம்.

"நாலு மணி" என்பது பொய் அல்ல. ஆனால் முழுக் கணக்கும் அல்ல.

கட்டை எடுத்தது முதல் கட்டை வைத்தது வரை

முதலில் ஆகாயக் கணக்கைப் பார்ப்போம்.

பெரிய ஜெட் விமானம் மேலே போன பிறகு மணிக்கு 850 கி.மீ. போலப் பறக்கும். 2,920 கி.மீட்டரை 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிஷம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் சிங்கப்பூருக்கு 4 மணி 15 நிமிஷம் போலக் காட்டுகிறது. 50 நிமிஷத்தை யார் விழுங்கினார்கள்?

நிற்கிற விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்கள். லாரிக்குக் கல் வைக்கிற மாதிரிதான். அந்தக் கட்டையை எடுத்த நிமிஷம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கிற நிமிஷம் வரை உள்ளதுதான் டிக்கெட்டில் இருக்கும் நேரம்.

கட்டை எடுத்ததும் விமானம் பறந்துவிடாது. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நாலு விமானம் நின்றால் வரிசையில் நிற்க வேண்டும். கிளம்பிய பிறகு 10, 11 கி.மீ. உயரம் ஏறும் வரை முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அங்கே ஓடுபாதை காலி இல்லாவிட்டால் வட்டம் போட வேண்டும்.

பஸ் நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கே கால் மணி நேரம் ஆகிறது இல்லையா? அதே கதைதான்.

கடிகாரம் காட்டும் ஜாலம்

அடுத்தது கடிகாரம். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

சிங்கப்பூரில் காலை 9 மணிக்குக் கிளம்புகிற விமானம் சென்னையில் காலை 10-45-க்கு இறங்கும். டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் பயணம் மாதிரி தெரியும்!

அதே விமானம் ராத்திரி 11 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை 5-45. இப்போது ஆறே முக்கால் மணி நேரம் மாதிரி தெரியும்!

இரண்டுமே 4 மணி 15 நிமிஷம்தான். விமானம் இறங்குகிற நேரத்தை இறங்குகிற ஊர்க் கடிகாரப்படிதான் அச்சடிப்பார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பு வித்தியாசம் 2 மணி நேரமாக இருந்தது.

துபாய் இதற்கு நேர் எதிர். நம்மைவிட 1½ மணி நேரம் பின்னால். சென்னையில் காலை 10 மணிக்கு ஏறினால் அங்கே பகல் 12-50-க்கு இறங்கலாம். அங்கே ராத்திரி 10 மணிக்கு ஏறினால் இங்கே விடியற்காலை 3-30.

ஆகவே டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் வெறுமனே கழித்துப் பார்க்கக் கூடாது. சிங்கப்பூர் நேரத்தில் 2½ மணியைக் கழியுங்கள். துபாய் நேரத்தோடு 1½ மணியைக் கூட்டுங்கள். நம்ம ஊர் நேரம் வந்துவிடும். அதற்கு அப்புறம்தான் மற்ற கணக்கு.

காற்று செய்யும் உபகாரம், உபத்திரவம்

போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது. துபாய்க்குப் போக 4 மணி 20 நிமிஷம் போல ஆகிறது. திரும்பி வர 4 மணி போல. ஒரே தூரம், ஒரே விமானம். ஏன்?

காற்று!

மேலே 10 கி.மீ. உயரத்தில் ஆற்று வெள்ளம் மாதிரி காற்று ஓடும். பனிக்காலத்தில் அது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதன்கூடப் போகிற விமானத்துக்குத் தள்ளு கிடைக்கும். எதிர்த்துப் போகிற விமானம் திணறும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம்ம பக்கம் கதை தலைகீழ். தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடும். இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி கோட்டீஸ்வரம். பிறகு அவரே இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராகவும் இருந்தார்.

காற்றின் சக்தி எவ்வளவு தெரியுமா? இதோ ஒரு நிஜக் கதை.

டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் மேற்கே அட்லாண்டிக் கடல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பாதையை மாற்றினார்கள். கிழக்கே திரும்பிப் பசிபிக் கடல் வழியாக ஓட்டினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆயிற்று. 1,400 கி.மீ. அதிகம்!

ஆனால் 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய பாதையைவிட 2 மணி நேரம் போல மிச்சம்! காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனதுதான் காரணம்.

குறுக்கு வழிதான் சீக்கிர வழி என்று யார் சொன்னது?

வரைபடம் சொல்வதும் நிஜம் அல்ல. சுவரில் மாட்டிய படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் தப்பான பாதை வரும். உலகம் உருண்டை. பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டையில் நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அதுதான் நேர் பாதை. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா பெண் விமானிகள் மட்டுமே சேர்ந்து ஒரு விமானத்தை ஓட்டி வந்தார்கள். எந்த வழியாக? வட துருவத்துக்கு மேலே!

அன்றைக்கு ராஜாராம், இன்றைக்கு ஏரோப்ளேன்

வழியை அடைத்துவிட்டால் சுற்றித்தான் போக வேண்டும். இது செஞ்சிக்காரர்களுக்குப் புதுசு அல்ல.

1689-இல் சிவாஜியின் மகன் ராஜாராம் மராட்டிய நாட்டுப் பன்ஹாலா கோட்டையிலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு வந்தார். நேர்கோட்டில் சுமார் 760 கி.மீ.தான். ஆனால் மொகலாயப் படை வழியெல்லாம் வலை விரித்திருந்தது. மாறுவேடம் போட்டு, கெளதி, பெங்களூர், வேலூர் என்று சுற்றி வந்தார். கெளதி ராணி சென்னம்மா உதவி செய்தார். வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு செஞ்சிக் கோட்டை பல வருஷம் முற்றுகையில் கிடந்தது. 1698-இல்தான் மொகலாயர் கைக்குப் போயிற்று.

அந்தக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியக் கோட்டைகள் 12 சேர்ந்த பட்டியல். அதில் 11 மகாராஷ்டிராவில். தமிழ்நாட்டுக்கு செஞ்சி ஒன்றுதான்.

இன்றைக்கு அடைப்பது தரையை அல்ல, ஆகாயத்தை!

2025 ஏப்ரல் 24-ஆம் தேதி, பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, இந்திய விமானங்களுக்கு வான்வழி கிடையாது என்று பாகிஸ்தான் அறிவித்தது. டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிற விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. சில விமானங்கள் எண்ணெய் போடுவதற்காகவே ஐரோப்பாவில் இறங்கின. 2019-இலும் பாலகோட் சம்பவத்துக்குப் பிறகு பிப்ரவரி கடைசி முதல் ஜூலை மத்தி வரை இதே கதை நடந்தது.

சென்னை-துபாய் பாதை அரபிக்கடல் மேலே போகிறது. பாகிஸ்தான் கதவு அடைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் வளைகுடாவிலேயே அடைத்தால்?

2025 ஜூன் 23 ராத்திரி அதுவும் நடந்தது. கத்தாரில் உள்ள அமெரிக்கப் படைத்தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியது. கத்தார் தன் வானத்தை மூடியது. பக்கத்து நாடுகளும் சில மணி நேரம் மூடின. நடுவானில் இருந்த விமானங்கள் திரும்பின. வேறு ஊர்களில் இறங்கின. ஊருக்கு வரக் கிளம்பியவர்கள் ஏர்போர்ட் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

அந்த ராத்திரியில் 2,930 கி.மீ. என்ற கணக்கு யாருக்கும் உதவவில்லை.

கப்பலில் ஒரு வாரம்

பழைய ஆட்களைக் கேட்டால் சிரிப்பார்கள். "ராஜுலா" கப்பல் நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஒரு வாரம் போல ஆகும். பிறகு "சிதம்பரம்" கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

அந்தக் காலத்தில் சாவுச் சேதி தந்தியில் போகும். பையன் காரியத்துக்குக்கூட வந்து சேரமாட்டான். யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

விமானத்திலும் சென்னை பழைய ஊர்தான். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாட்டா தானே விமானம் ஓட்டி வந்தார். தபால் மூட்டை கொண்டுவந்த சின்ன விமானம் அது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் என்ற விமானி அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஏர் இந்தியா பிறந்த கதை அதுதான்.

இப்போது சேதி ஒரு வினாடியில் போகிறது. விமானம் 4 மணி நேரத்தில் வருகிறது. அதனால்தான் "வந்துடுவான்" என்று காத்திருக்கிறார்கள். தரையில் ஆகிற நேரத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

மூன்று சுங்கச்சாவடி

இனி தரைக் கணக்கு.

பனமலையிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 150 கி.மீ. காரில் போனால் 3 மணி நேரம். விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சுங்கச்சாவடி தாண்ட வேண்டும். பொங்கல், தீபாவளி நாளில் விக்கிரவாண்டியிலும் பரனூரிலும் வண்டிகள் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு 3 மணி நேரம் 5 ஆவது தெரியும்.

பஸ் என்றால் கிராமத்திலிருந்து விக்கிரவாண்டியோ விழுப்புரமோ போய்ச் சென்னை பஸ் பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்களுக்கு அதுதான் கடைசி. அங்கே இறங்கி, மாநகரப் பஸ் ஏறி, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி ஏர்போர்ட் வரவேண்டும். பெட்டியும் கையுமாக இரண்டு, மூன்று பஸ் மாற வேண்டும். மொத்தம் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்? செஞ்சியில் ரயிலே கிடையாது. விழுப்புரம் போய் ரயில் ஏறி, தாம்பரத்தில் மின்சார ரயில் மாறினால் திரிசூலம் நிலையத்தில் இறங்கலாம். ஏர்போர்ட் எதிரிலேயே இருக்கிறது. பாதை மறிக்காத வழி இதுதான். ஆனால் ரயில் நேரம் விமான நேரத்தோடு ஒத்துவர வேண்டும்.

இதோ 15½ மணி நேரம்

ராத்திரி 11 மணி சிங்கப்பூர் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். ராத்திரி 8 மணி. அதற்கு 5 மணி நேரம் பஸ் பயணம். பகல் 3 மணி. வழியில் தாமதமானால் என்று ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டால் பகல் 2 மணிக்குப் பனமலையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சிங்கப்பூரில் இறங்கும்போது நம்ம ஊர் நேரம் விடியற்காலை 3-15. குடியேற்றச் சோதனை, பெட்டி, தங்குமிடம் போகிற வண்டி எல்லாம் முடிய இன்னும் 2 மணி நேரத்துக்கு மேல். படுக்கைக்குப் போய்ச் சேரும்போது காலை 5-30.

பகல் 2 முதல் மறுநாள் காலை 5-30 வரை 15½ மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது 4¼ மணி. தரையில் 11¼ மணி!

கவுண்ட்டர் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்கு, கிளம்புவதற்கு 1 மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடுவது வழக்கம். 11 மணி விமானத்துக்கு 10-10-க்கு வந்து நின்றால், விமானம் கண்ணுக்கு எதிரே நிற்கும், ஏற முடியாது!

நடுராத்திரி கண்டம்

இதைவிட மோசமான கண்டம் ஒன்று உண்டு. நடுராத்திரி விமானம்!

டிக்கெட்டில் "12-ஆம் தேதி, 00-30" என்று இருக்கும். "பன்னிரண்டாம் தேதி ராத்திரிதானே" என்று 12-ஆம் தேதி சாயந்திரம் சாவகாசமாகக் கிளம்புவார்கள். ஏர்போர்ட் வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர் சொல்வார்: "இது நேத்து ராத்திரியே போயிடுச்சே!"

00-30 என்றால் 11-ஆம் தேதி ராத்திரி 12 மணி தாண்டி அரை மணி நேரம். பனமலையிலிருந்து கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி சாயந்திரமே. கடன் வாங்கி எடுத்த டிக்கெட் ஒரு பூஜ்யத்தால் போய்விடும்.

டிக்கெட்டில் இறங்குகிற நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று இருந்தால், போய்ச் சேர்வது மறுநாள் என்று அர்த்தம். அழைத்து வரப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஒரு நாள் முன்பே போய் ஏர்போர்ட் வாசலில் காய்வதும் உண்டு.

மலிவு டிக்கெட்டின் விலை

"ஆயிரம் ரூபாய் கம்மி" என்று ஏஜென்ட் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். "நேர் விமானமா, மாறிப் போகிறதா?" என்று கேளுங்கள்.

துபாய்க்குக் கொழும்பு வழியாக டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தெற்கே கொழும்பு 650 கி.மீ. அங்கிருந்து துபாய் சுமார் 3,290 கி.மீ. மொத்தம் 3,940 கி.மீ. நேர் பாதையைவிட 1,000 கி.மீ. சுற்று! கொழும்பில் காத்திருக்கிற நேரம் தனி.

வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, பணம் மிச்சம். ஆனால் துக்கத்துக்கு வருகிறவருக்கு அந்த 5 மணி, 6 மணி நேரம் கொள்ளி போடுகிற நேரம்!

"புதுச்சேரி பக்கத்திலே இருக்கே?"

நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் இருக்கிறது. 2024 டிசம்பரில் அங்கிருந்து பெங்களூர், ஐதராபாத்துக்கு மறுபடி விமானம் விட்டார்கள். ஆனால் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சின்ன விமானம்தான் இறங்க முடியும். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். வெளிநாட்டு ஜெட் விமானம் புதுச்சேரிக்கு வருவது இல்லை.

ஆனால் திருச்சி இருக்கிறது. சிங்கப்பூர், துபாயிலிருந்து அங்கே நேர் விமானம் உண்டு. பனமலைக்குத் திருச்சி ஏர்போர்ட் சுமார் 190 கி.மீ. சென்னையைவிட 40 கி.மீ.தான் கூட. சென்னை விமானத்துக்கு அரை நாள் காத்திருக்க வேண்டும் என்றால், முதலில் கிளம்புகிற திருச்சி விமானத்தில் ஏறி வருவதே லாபம். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சேதி வந்தால் என்ன கணக்கு?

இப்போது துக்க வீட்டுக்கு வருவோம். பனமலையில் ராத்திரி 10 மணிக்கு உயிர் பிரிகிறது. பையன் சிங்கப்பூரில். அங்கே அப்போது நடுராத்திரி 12-30.

முதலாளியிடம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். டிக்கெட் கிடைக்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடந்து, அங்கே காலை 9 மணி விமானம் கிடைத்தது என்று வையுங்கள். சென்னையில் காலை 10-45. சோதனை முடிந்து வெளியே வர 11-45. கார் தயாராக நின்றால் பனமலை வாசலில் பிற்பகல் 3 மணி.

ராத்திரி 10 முதல் பிற்பகல் 3 வரை 17 மணி நேரம்! "நாலு மணி நேரம்" என்று சொன்னது இதைத்தான்.

காலை விமானம் கிடைக்காமல் பகல் 1 மணி விமானம் கிடைத்தால் எல்லாம் 4 மணி நேரம் தள்ளிப்போகும். வாசலுக்கு வரும்போது ராத்திரி 7 மணி. அன்றைக்கு எடுக்க முடியாது. மறுநாள் என்று முதலிலேயே ஊருக்குச் சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சவுதி அரேபியாவில் இருப்பவருக்கு இன்னொரு தடை உண்டு. ஊருக்குப் போய்த் திரும்ப அங்கே தனியாக ஒரு அனுமதி விசா வேண்டும். அது கையில் இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. அங்கே பிள்ளைகள் இருக்கும் வீட்டார் அது கிடைத்த பிறகுதான் நேரம் குறிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

போனில் "எத்தனை மணிக்கு வருவே?" என்று பையனைக் கேட்காதீர்கள். அழுகிற நேரத்தில் அவனும் கணக்குத் தெரியாமல் எதையாவது சொல்லிவிடுவான்.

"டிக்கெட் கையில் வந்துடுச்சா? சென்னையா, திருச்சியா? எத்தனை மணிக்கு இறங்குது? நேர் விமானமா?" இந்த நான்கையும் கேளுங்கள். டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கிற இறங்கும் நேரம் நம்ம ஊர் நேரம்தான்.

அதோடு 1 மணி நேரம் வெளியே வர. சென்னையிலிருந்து காரில் 3 மணி நேரம். பஸ்ஸில் 5 மணி நேரம். திருச்சி என்றால் காரில் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 1 மணி நேரம் கையிருப்பு.

அந்த நேரத்தைத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். டிக்கெட் படம் வந்து சேர்வதற்கு முன்னால் யாரும் நேரம் குறிக்க வேண்டாம்!